மூன்று மீன் உருண்டை, ஒரு மாத்திரை

கேள்வி: வாசலில் சாப்பிட்டுவிட்டு ஓடிப்போகும் தெருப்பூனையின் வயிற்றில் புழு இருப்பது எப்படித் தெரியும்?

பதில்: வாலடியைக் கவனித்தால் தெரியும். அங்குள்ள மயிரிலும் பூனை படுத்து எழுந்த சாக்கிலும் அரிசிமணி போலக் காய்ந்து ஒட்டியிருப்பவை நாடாப்புழுவின் துண்டுகள். புதிதாக விழுந்தவை நெளியும். வாந்தியில் நூல்கண்டு போலச் சுருண்டு வருவது உருண்டைப்புழு, 10 செ.மீ. வரை நீளும். குட்டிக்கு உடம்பு எலும்பும் தோலுமாகவும் வயிறு மட்டும் பானையாகவும் இருந்தால் பெரும்பாலும் காரணம் இந்தப் புழுதான். தாய்ப்பாலிலேயே அது குட்டிக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. நாடாப்புழுவில் ஒரு வகை எலியைத் தின்பதால் வருகிறது. இன்னொரு வகை, உடம்பை நக்கும்போது வாய்க்குள் போகும் தெள்ளுப்பூச்சியால் வருகிறது. ஆகவே எலி பிடிக்கும் தெருப்பூனைக்கு, கண்ணில் ஒன்றும் படாவிட்டாலும், புழு இருப்பதாகவே வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பிள்ளைகளுக்கு வாங்கிய அல்பெண்டசோல் மாத்திரை வீட்டில் மிச்சம் இருக்கிறது. கால் துண்டு போதாதா?

பதில்: கால் துண்டும் கூடாது. அல்பெண்டசோல் பூனையின் எலும்பு மஜ்ஜையைப் பாதித்து இரத்த அணுக்களைக் குறைத்துவிடக்கூடும். பூண்டு வைத்தியமும் வேண்டாம். பூண்டும் வெங்காயமும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. பூனைக்கு உரியவை வேறு: உருண்டைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும் பைரண்டெல், நாடாப்புழுவுக்குப் பிரசிகுவாண்டெல். இரண்டும் சேர்ந்த மாத்திரை கிடைக்கிறது. பொதுவாக 4 கிலோ எடைக்கு ஒன்று என்பது அதன் கணக்கு. பூனையின் போட்டோவைக் காட்டி, உத்தேச எடையைச் சொல்லி, கால்நடை மருத்துவரிடம் அளவு கேட்டு வாங்குவதே முறை. குட்டிக்கும் சினைப்பூனைக்கும் இதை விட்டால் வேறு வழியில்லை.

கேள்வி: தேனில் குழைத்துக் கொடுத்தால் நக்கிவிடாதா?

பதில்: தேன் வீணாகும். பூனைக்கு இனிப்பு என்ற சுவையே தெரியாது. இனிப்பை உணரும் ஏற்பிக்குத் தேவையான மரபணு பூனைக் குடும்பத்தில் செயலிழந்து கிடப்பதை 2005-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். கசப்போ நன்றாகத் தெரியும்; பிரசிகுவாண்டெல் கடுங்கசப்பு. அந்தக் கசப்பை மறைக்கச் சர்க்கரையால் முடியாது, மீன் வாசனையால் முடியும். பூனை முதலில் மூக்கால்தான் சாப்பிடுகிறது.

கேள்வி: கையால் தொட விடாது, தட்டில் புதிதாக எது வைத்தாலும் முகர்ந்துவிட்டுப் போய்விடும். இப்படிப்பட்ட பூனையை எப்படித்தான் மருந்து தின்ன வைப்பது?

பதில்: தினமும் சோறு வைக்கும் தட்டில் மருந்தைக் கலக்கக் கூடாது என்பதுதான் முதல் விதி. ஒரு தடவை கசப்பு தெரிந்துவிட்டால் அந்தத் தட்டையே பூனை சந்தேகிக்கும். மருந்தும் போகும், அதை நம்பி வந்த வேளைச் சாப்பாடும் போகும். மனிதரை அண்டாத பூனைக்கு அந்தத் தட்டு ஒன்றுதான் மனிதரோடு உள்ள உறவு. அதைக் கெடுக்காமல் செய்வதில்தான் திறமை இருக்கிறது.

ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும். முள் நீக்கி வேகவைத்த மத்தியையோ கானாங்கெளுத்தியையோ உப்பு காரம் சேர்க்காமல் பிசைந்து, சுண்டைக்காய் அளவு உருண்டைகள் பிடித்து, வழக்கமான சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு மூன்று போட்டுப் பழக்க வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தபடியே போடக் கூடாது. பூனையின் உடல்சூடு 38 டிகிரியை ஒட்டியது. அந்த வெதுவெதுப்பில்தான் வாசனை எழும். நான்காம் ஐந்தாம் நாளில், உருண்டை விழுவதற்கு முன்பே பூனை வந்து நிற்கும்.

மருந்து நாளில் பூனை நல்ல பசியோடு இருக்க வேண்டும். வழக்கமான நேரத்தைச் சற்றுத் தள்ளிப்போட்டால் போதும். நாள்கணக்கில் பட்டினி போட்டால் பூனையின் ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். மாத்திரையைத் தொட்ட விரலால் உருண்டையின் வெளிப்பக்கத்தைத் தொடக் கூடாது. ஒரு கையால் உள்ளே வைத்து, மறு கையால் மூட வேண்டும். மாத்திரையைப் பொடித்தால் கசப்பு மீன் முழுவதும் பரவிவிடும். உடைக்கலாம் என்று மருத்துவர் சொன்னால் மட்டும் இரண்டு மூன்று துண்டாக்கித் தனித்தனி உருண்டைகளில் வைக்கலாம். முதல் உருண்டை வெறும் மீன், இரண்டாவது மருந்து, மூன்றாவது மறுபடி வெறும் மீன். மூன்றும் அடுத்தடுத்து விழ வேண்டும். அடுத்ததைப் பிடிக்கும் அவசரத்தில் பூனை நடு உருண்டையை மெல்லாமல் விழுங்கிவிடும்.

கேள்வி: கடித்துப் பார்த்துத் துப்பிவிட்டது. வாயெல்லாம் நுரை. விஷமாகிவிட்டதா?

பதில்: இல்லை. கசப்பு நாக்கில் பட்டால் பூனைக்கு எச்சில் நுரைத்து ஒழுகும். சற்று நேரத்தில் நின்றுவிடும். அன்றைக்கே மறுபடி முயலக் கூடாது. ஒரு வாரம் வெறும் மீன் உருண்டை கொடுத்து நம்பிக்கையை மீட்டபின் வேறு மீனிலோ கோழி ஈரலிலோ வைத்துப் பார்க்கலாம். எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாதபோது மருத்துவரைக் கேட்காமல் இன்னொரு மாத்திரை போடக் கூடாது.

கேள்வி: துண்டால் போர்த்திப் பிடித்து வாயைத் திறந்து போட்டால்?

பதில்: வீட்டுப்பூனையிடம் நடக்கும், தெருப்பூனையிடம் நடக்காது. பூனைக்கடியாலும் வெறிநோய் வரும். கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சாப்பிடும்போது முதுகைத் தொட விடும் அளவுக்குப் பழகிய பூனைக்குப் பிடரியில் விடும் சொட்டு மருந்து உண்டு. அது பூனைக்கென்றே தயாரித்ததாக இருக்க வேண்டும். நாய்க்கான சில சொட்டு மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும்.

கேள்வி: ஐந்து பூனை வருகிறது. யாருக்குப் போனது என்று எப்படித் தெரியும்?

பதில்: ஒவ்வொன்றுக்கும் தனி இடம், தனி உருண்டை, விழுங்கும் வரை கண் எடுக்காத பார்வை. மருந்து வைத்த உருண்டையைப் போட்டுவிட்டு உள்ளே போகக் கூடாது.

கேள்வி: ஒரு முறை கொடுத்தால் தீர்ந்ததா?

பதில்: தீராது. மருந்து அன்றைக்கு இருக்கும் புழுவைக் கொல்லும், மறுநாள் தின்னும் எலியிலிருந்து காக்காது. வெளியே திரியும் பூனைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கொடுப்பது நல்லது. கருத்தடைக்காகக் கூண்டு வைத்துப் பிடிக்கும் நாள் அதைவிடச் சிறந்த வாய்ப்பு. பூனை மயக்கத்தில் இருக்கும்போதே எடை பார்த்துப் புழுமருந்தும் தெள்ளுமருந்தும் கொடுத்துவிடும்படி மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.