“ரேடியோல ஒருத்தர் சொன்னார்…”

தென்சென்னையில் இப்படி ஒருவரைப் பார்க்காமல் தப்பிக்க முடியாது. பணி ஓய்வு பெற்றவர். காலைக் காபி ஒரு கையில், வானொலி காதருகில். பாட்டு வந்தால் ஒலியைக் குறைப்பார்; நேர்காணல் வந்தால் மின்விசிறியையே நிறுத்துவார். மயிலாப்பூர் மாட வீதிகளில், தி.நகர் பனகல் பூங்கா பக்கத்தில், அடையாறு காந்தி நகர் அடுக்ககங்களில் இவரைக் காணலாம். ‘நேர்காணல் நேயர்’ என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

கேட்பது அரை மணி நேரம். அதைப் பற்றிப் பேசுவது பொழுது சாயும் வரை.

உதாரணத்துக்குக் கடலாமை. ஆண்டுத் தொடக்கத்தில் பங்குனி ஆமைகள் சென்னைக் கரைக்கு முட்டையிட வருகின்றன. 1988 முதல் மாணவர்களும் ஆர்வலர்களும் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவில் நடந்து, முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பாகப் பொரிக்க வைக்கிறார்கள். ஒருநாள் வானொலியில் ஓர் ஆமை ஆர்வலர் பேசுகிறார். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் தீர்மானிக்கிறதாம். சூடு ஏறினால் பெண், தணிந்தால் ஆண். நேயர் கண்ணை மூடுகிறார். சிந்தனை பிறந்துவிட்டது.

எட்டு மணி, சமையலறை வாசல். “ரேடியோல ஒருத்தர் சொன்னார்… சூடு ஜாஸ்தியா இருக்கற இடத்துல எல்லாம் பெண்தானாம்!”

“இதுக்கு ரேடியோ எதுக்குங்க? இங்க வந்து நின்னு பாருங்க, தெரியும்” என்கிறார் மனைவி, தோசையைத் திருப்பியபடியே.

பத்து மணிக்கு இஸ்திரி வண்டியருகே அந்த ‘ஒருத்தர்’ காணாமல் போய், “நான் என்ன நினைக்கிறேன்னா…” வந்துவிடும். மாலையில் நாகேஸ்வர ராவ் பூங்கா பெஞ்சில், “இதை நான் முப்பது வருஷமாச் சொல்லிட்டிருக்கேன்!” ஆமை முட்டை பொரிய ஒன்றரை மாதமாவது வேண்டும். அடுத்தவர் கருத்து இவருடையதாகப் பொரிய ஒரு பகல் போதும்.

இதில் ஊருக்கும் பங்குண்டு. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் 1924-லேயே வானொலிக் கழகம் தொடங்கி ஒலிபரப்பிய ஊர் இது. பணமுடையில் கழகம் நின்றுபோக, பிறகு மாநகராட்சியே ஒலிபரப்பியது. 1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலி வந்தது. இன்று நிலையம் காமராசர் சாலையில், கடலைப் பார்த்தபடி, மயிலாப்பூர்க்காரர் நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது. அங்கிருந்துதான் தென்கச்சி கோ. சுவாமிநாதன் ‘இன்று ஒரு தகவல்’ சொன்னார்: சில நிமிடம், ஒரு கருத்து, முடிவில் ஒரு சிரிப்பு. நேயர் அந்தப் பாணியை அப்படியே எடுத்துக்கொண்டார், சில நிமிடம் என்பதை மட்டும் விட்டுவிட்டு.

1941-ல் பிறந்த பிபிசி தமிழ் வானொலி 2017 ஏப்ரல் இறுதியோடு ஓய்ந்தபோது, சிற்றலைப் பெட்டியைத் துடைத்துப் பரணில் ஏற்றினார். இப்போது மகள் போட்டுக் கொடுத்த செயலியில் ஊர் ஊராகக் கேட்கிறார். சிந்தனையும் ஊர் ஊராகப் பெருகிவிட்டது.

கேட்டுக் கேட்டுக் கேள்வி கேட்கும் பழக்கமும் தொற்றிக்கொண்டது. கீரைக்காரம்மாவிடம், “இந்தத் துறைக்கு உங்களை ஈர்த்தது எதும்மா?” என்பார். “முப்பது ரூபா சார், கட்டு” என்று பதில் வரும். ஆட்டோ ஓட்டுநரிடம், “கடந்து வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தா என்னப்பா தோணுது?” என்றார். “பின்னாடி பஸ் வருது சார்.” வெளிநாட்டு மகனிடம், “உங்க வெற்றிக்குப் பின்னால யார் இருக்காங்க?” என்று எதிர்பார்ப்போடு கேட்டார். “அம்மாகிட்ட குடுங்கப்பா” என்றான் அவன்.

இஸ்திரிக்காரர் மட்டும் ஒருமுறை நிஜமாகவே பதில் சொன்னார். கரிப்பெட்டியை விட்டுக் கேஸ் பெட்டிக்கு மாறியது, மழைக்காலத்தில் வருமானம் படுப்பது, பிள்ளை இந்தத் தொழிலுக்கு வரமாட்டேன் என்றது என்று எல்லாம் வந்தது. குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார் நேயர். அன்று மாலை பூங்காவில், “நம்ம இஸ்திரிக்காரர் சொன்னார்” என்றே ஆரம்பித்தார். பெஞ்சில் இருந்தவர்கள் அசந்துபோனார்கள்.

ஆகவே காமராசர் சாலை நிலையத்தாருக்கு ஒரு வேண்டுகோள். இவரை ஒரு நாளாவது மைக் முன்னால் உட்கார வையுங்கள். பதில் சொல்ல அல்ல, கேள்வி கேட்க. பதில் சொல்லவிட்டால் அடுத்த நிகழ்ச்சிக்கு நேரம் இருக்காது.