சுருக்கம் எழுதத் தெரியுமா, பேராண்டி?

என்னா பேராண்டி, மூஞ்சி வாடிக் கெடக்கு? மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பணுமா? அதுக்கா ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடக்க? மொதல்ல சோத்தத் தின்னுட்டு வந்து ஒக்காரு. சொல்றன்.

கச்சிராயபாளையத்துல பஸ்ஸ வுட்டு எறங்கி, கல்வராயன் மலைக்கு வழி கேக்கற ஆராய்ச்சிக்காரங்கள நான் ரொம்ப காலமாப் பாத்துக்கிட்டு இருக்கன். முன்ன டேப்ரிக்கார்டரத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. இப்ப செல்போனு. வெள்ளிமலை, சேராப்பட்டு, இன்னாடுன்னு ஏறி, மலையாளிச் சனங்க பேசறதப் புடிச்சுக்கிட்டு எறங்குவாங்க. மலையாளின்னதும் கேரளாப் பாஷைன்னு நெனைச்சு வந்த புத்திசாலியும் உண்டு. தமிழுதாண்டா அது! காஞ்சிபுரத்துலருந்து வந்தோம்னு அவங்களே கதை சொல்லுவாங்க. சரி, புடிச்சுக்கிட்டுப் போனத என்னா பண்ணீங்கன்னு கேட்டா, "பேப்பர் பிரசண்ட் பண்ணிட்டோம் தாத்தா"ங்கறாங்க. எந்தப் பேப்பரு? ஒன்னையாவது எங்க கண்ணுல காட்டினீங்களா?

அது கெடக்கட்டும். உன்னுதக் காட்டு.

"இவ்வாய்வானது கல்வராயன் மலைவாழ் மக்களின் பேச்சுவழக்கினைப் பன்முக நோக்கில் அணுக முற்படுகிறது." அடேங்கப்பா! வாய்வுக்கு ஓமத் தண்ணி குடிச்சாப் போதுமேடா. மாசக் கணக்குல மலையில தங்கிட்டு வந்துட்ட, இன்னுமா அணுக முற்படற? அடுத்த வரி என்னா? "முடிவுகள் மாநாட்டில் விரிவாக எடுத்துரைக்கப்படும்." உன்ன அங்க கூப்புடலாமா வேணாமான்னு பாக்கத்தான இதக் கேக்கறாங்க? வந்து சொல்றன்னா என்னா அர்த்தம்?

மலையிலருந்து மரவள்ளிக் கெழங்கு லோடு சேகோ பேக்டரிக்குப் போவுதே, லாரி அழகப் பாத்தா வெல போடறான்? கொஞ்சம் கெழங்க எடுத்து எடை பாத்து, மாவு எத்தினி பாயிண்டுன்னு சொல்றான். பாயிண்டுக்கு இவ்ளோன்னு காசு. சுருக்கமும் அந்தக் கையளவு கெழங்குதான். பெரும்பாலும் 300 வார்த்தை, மிஞ்சிப்போனா 500. அதுக்குள்ள மாவு இருக்கணும். உன் கேள்வி என்னா? எந்த ஊர்ல, யாரு பேசினத வெச்சு எழுதற? முன்ன சொன்னவங்க எதக் கோட்டை வுட்டாங்க? நீ என்னா கண்டுபுடிச்ச? உன்னுதுல பாதி எடம் தமிழு எவ்வளவு பழசுங்கற பெருமை. மீதி எடம் வெள்ளக்காரன் பேரு. சாம்ஸ்கி எதுக்குடா இதுல வந்தாரு? வெள்ளிமலையில சந்தைக்கு வந்தாரா?

எடுத்துக்காட்டு ஒன்னாவது இருக்கா? நான் "சொல்றன்"ங்கறன். மதுரைக்காரன் "சொல்றேன்"ங்கறான். மேல சேராப்பட்டுக் கெழவி எப்பிடிச் சொல்றா? பள்ளிக்கூடம் போற அவ பேத்தி எப்பிடிச் சொல்றா? அத எழுது. லைப்சிக் விதின்னு ஒன்னு இருக்காமே. மேல் வரியில சனங்க சொன்னது. அதுக்கு நேர் கீழ, துண்டு துண்டாப் பிரிச்சு அர்த்தம்: சொல், நிகழ்காலம், தன்மை ஒருமை. மூணாவது வரியில மொத்தமா இங்கிலீசு. ஒரு "சொல்றன்"னுக்கு இத்தினி அலம்பலான்னு எனக்கும் சிரிப்புதான் வந்துச்சு. ஆனா ஞாயம் இருக்கு பேராண்டி. நம்ம பாஷையில ஒரு எழுத்து தெரியாத ஜெர்மன்காரன் கூட, நீ சொல்றது மெய்யா பொய்யான்னு அந்த மூணு வரிய வெச்சுப் பாத்துக்கலாம். உன் பன்முக நோக்க வெச்சு என்னாத்தப் பாப்பான்?

படிச்சு மார்க் போடறவங்களுக்கு எழுதினது யாருன்னு தெரியக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. நீயும் பேர எடுத்துட்ட. சமத்துதான். ஆனா உள்ள, "எனது 2021ஆம் ஆண்டுக் கட்டுரையில் சுட்டியபடி"ன்னு எழுதி வெச்சிருக்க. பிடிஎப் பைல தட்டி பிராப்பர்ட்டீஸப் பாத்தா, இனிஷியலோட உன் பேரு பல்ல இளிக்குது. இதுக்கா ராத்திரி முழிச்ச?

கெடு விசயத்துலயும் ஒரு கூத்து. உலகத்துல ஏதாவது ஒரு மூலையில அந்தத் தேதி முடியாம இருக்கற வரைக்கும் அனுப்பலாம்னு சில எடத்துல கணக்கு வெச்சிருக்கான். நமக்கு மறுநாள் சாயங்காலம் அஞ்சரை வரைக்கும் இழுக்குது. அதுக்காக அஞ்சே காலுக்குத்தான் அனுப்பணும்னு வேண்டுதலா? அப்பத்தான் சிக்னலு போவும், கரண்டு போவும், உனக்கு வயித்தக் கலக்கும். மொத நாளே அனுப்பினா சாமி குத்தம் ஆயிடுமா?

நம்மூரு "பன்னாட்டுக் கருத்தரங்கம்" தனிக் கதை. 2010ல யுஜிசி, காலேஜ் வாத்தியாருங்களுக்கு மார்க்குப் போட ஒரு கணக்கு கொண்டாந்துச்சு. கட்டுரை படிச்சா மார்க்கு, அச்சுல வந்தா மார்க்கு. அப்புறம் என்னா? தடுக்கி வுழுந்தா கருத்தரங்கம்தான். யாழ்ப்பாணத்துலருந்து ஒருத்தரு, மலேசியாவுலருந்து ஒருத்தரு கூகுள் மீட்ல தலையக் காட்டிட்டா அது பன்னாடு. பணத்தக் கட்டிட்டு அனுப்பின சுருக்கம் திரும்பி வந்ததா நீ கேள்விப்பட்டிருக்கியா? அஞ்சு நிமிசம் படி, சர்டிபிகேட்ட வாங்கு, பந்திக்கு ஓடு. அந்தக் காசுல இன்னொரு தரம் மலைக்கு ஏறிட்டு வந்துடலாம்.

மாநாடே ஆகாதுன்னு சொல்லல. தனிநாயக அடிகளாரு மாதிரி ஆளுங்க 1964ல டில்லியில கூடி உலகத் தமிழாராய்ச்சி மன்றத்த ஆரமிச்சாங்க. 1966ல கோலாலம்பூர்ல மொத மாநாடு, 1968ல மெட்ராசு. அப்ப வெச்ச செலைங்க மெரினாவுல நிக்கறது ஊருக்கே தெரியும். அப்ப படிச்ச கட்டுரைல ஒன்னு சொல்லுன்னு உங்க புரபசரக் கேட்டுப் பாரு.

நம்ம பக்கத்துப் பேச்ச ஆராய வேல இல்லாமலா போச்சு? கிரியர்சன் தொரை 1894லருந்து 1928 வரைக்கும் இந்தியாவோட பாஷைங்களக் கணக்கெடுத்தாரு. மெட்ராஸ் மாகாணத்துக்குள்ள அந்தக் கணக்கெடுப்பு வரவே இல்ல. நம்ம விருத்தாசலம் பக்கத்துக் கண்மணி குணசேகரன், பஸ் டிப்போவுல மெக்கானிக் வேல பாத்த மனுசன், நடுநாட்டுச் சொல்லகராதியே போட்டாரு. பன்முக நோக்கு பாத்தா போட்டாரு? காத தீட்டி வெச்சுக்கிட்டுப் போட்டாரு.

ஒன்னு மட்டும் உறுத்துது. "தகவலாளி 3, பெண், வயது 62"ன்னு போட்டிருக்க. உன் பேர மறைக்கறது மார்க் போடற வரைக்கும்தான். அந்தம்மா பேர மறைக்கறது ஆயுசுக்கும். பேரு போடலாமான்னு ஒரு வார்த்த அந்தம்மாவக் கேட்டியா? போடுன்னு சொன்னா, கட்டுரையில நன்றி சொல்ற எடத்துல முழுசாப் போடு. வேணாம்னா வுட்டுடு.

இப்ப போயி முற்படறதயெல்லாம் அடிச்சுட்டு, கண்டத எழுது. ஏத்துக்கிட்டாங்கன்னா படிச்சுட்டு வா. ஏத்துக்கலன்னா, ஏன்னு எழுதியிருப்பாங்க. கோவிச்சுக்காம அத ரெண்டு தரம் படி. எதுவா இருந்தாலும், அடுத்த தரம் மலையேறும்போது அந்தம்மாவுக்கு ஒரு பிரதி கொண்டுபோயிக் குடு. எனக்கும் ஒன்னு வெச்சுட்டுப் போ. மூக்குக் கண்ணாடி இருக்கு, படிப்பன்.