கீச்சொலியும் வெடித்த ரப்பரும்: கார் வைப்பர் பிளேடு குறித்த ஒரு பல்நோக்கு ஆய்வு

ஆய்வுக்கட்டுரை என்றால் முதலில் ஆய்வு இடைவெளியைக் காட்ட வேண்டும். யாரும் தொடாத இடம் இது என்று ஒரு வரி எழுதிவிட்டால், ஏன் தொடவில்லை என்று எவரும் கேட்பதில்லை. அந்த முறைப்படி: சென்னையில் கார் வைத்திருப்பவர் எந்த வைப்பர் பிளேடை வாங்கினால் அது நீடித்து உழைக்கும் என்பது குறித்துத் தமிழில் இதுவரை முனைவர் பட்டம் எதுவும் வழங்கப்படவில்லை என்று நம்புகிறேன். தேடிப் பார்க்கவில்லை. தேடினால் இடைவெளி அடைபட்டுவிடும் அபாயம் உண்டு.

ஆய்வின் எல்லை: ஒரு கார், இரண்டு பிளேடு, ஒரு ஐப்பசி. ஆய்வுக்களம்: வேளச்சேரி முதல் கோயம்பேடு வரை, தண்ணீர் நிற்காத சாலைகள் மட்டும், ஆகவே மிகச் சிறிய களம். நிதியுதவி: இல்லை.

பொருளுக்குள் போகுமுன் சொல்லில் நாற்பது பக்கம் நிற்பது நம் மரபு. இட நெருக்கடியால் ஒரு பத்தியில் நிற்கிறேன். 'துடைப்பான்' என்ற கலைச்சொல்லைப் புழக்கத்தில் விட்டுப் பார்த்தேன். "காரிலிருந்து அந்தத் துடைப்பானை எடுத்து வா" என்றதற்குப் பக்கத்து வீட்டுப் பையன் துடைப்பத்தோடு வந்து நின்றான். பதற வேண்டியதில்லை, வைப்பர் என்பதே தூய தமிழ்தான். 'வை' என்னும் வினையடியில் பிறந்த பலர்பால் எதிர்கால வினைமுற்று. எதை வைப்பர் என்ற வினாவுக்குக் கார் சர்வீஸ் விட்டு வாங்கியவர்கள் விடை அறிவார்கள்: பில்லில் வைப்பர். எஞ்சியது பிளேடு. நம் வழக்கில் பிளேடு போடுதல் என்றால், கேட்பவர் எழுந்து போக முடியாதபடி பேசுதல். அப்படிப் பார்த்தால் நீடித்து உழைக்கும் பிளேடு எது என்ற கேள்விக்கு அறிவுலகம் எப்போதோ விடை கண்டுவிட்டது: கருத்தரங்கின் தொடக்கவுரை. அதைக் காரில் பொருத்த முடியாது என்பதே சிக்கல்.

இனி முன்னோர் ஆய்வுகள். 1902 குளிர்காலத்தில் அலபாமா மாநிலத்து மேரி ஆண்டர்சன் நியூயார்க்கில் டிராம் ஏறினார். கண்ணாடியில் பனி அப்பியதால் ஓட்டுநர் முன் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, குளிரை உள்ளே விட்டபடி ஓட்டினார். அம்மையார் ஊர் திரும்பி, வண்டிக்குள் இருந்தபடியே கைப்பிடியால் ஆட்டும் ரப்பர் பட்டை ஒன்றை வடிவமைத்து, 1903 நவம்பர் 10 அன்று காப்புரிமை பெற்றார். 1905இல் அதை விற்கப் போனபோது கனடா நிறுவனம் ஒன்று, இதற்கு வணிக மதிப்பே இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்பியது. 1920இல் காப்புரிமை காலாவதியானது. பிறகு ஊரிலுள்ள கார்களில் எல்லாம் வைப்பர் வந்துவிட்டது. அம்மையாருக்கு அதில் ஒரு காசும் இல்லை. மதிப்பீட்டாளர் கருத்துரை என்னும் இலக்கிய வகைக்கு அந்தக் கனடாக் கடிதத்தை நிகர்த்த மாதிரி இன்னும் எழுதப்படவில்லை. நம் இதழ்களில் முயற்சி நடந்துகொண்டுதான் இருக்கிறது.

விட்டு விட்டு ஓடும் வைப்பரைச் செய்தவர் ராபர்ட் கியர்ன்ஸ். கண் இமை ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கிறதா என்ன, இந்தச் சனியன் மட்டும் ஏன் அடிக்கிறது என்பது அவர் கேள்வி. 1960களில் செய்தார், பின்னால் ஃபோர்டு, கிரைஸ்லர் இரண்டோடும் வழக்காடி வென்றார். அவர் டெட்ராய்ட்டின் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். பேராசிரியரால் வெளியுலகுக்குப் பயன் விளைந்ததற்கு இத்துறையில் கிடைக்கும் ஒரே சான்று அது.

நம் மரபில் லாரி ஓட்டுநர்கள் மழைக்குக் கண்ணாடியில் புகையிலை தேய்ப்பார்கள். அதற்குக் காப்புரிமை யாரும் கேட்கவில்லை.

கருதுகோளுக்கு வருவோம். சென்னையில் வைப்பர் பிளேடு மழையில் உழைத்துத் தேய்வதில்லை. வெயிலில் சும்மா கிடந்து சாகிறது. இந்த ஊரின் ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவில் கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற ஒன்பது மாதமும் பிளேடு செய்யும் வேலை, பிட் நோட்டீஸைப் பிடித்துக்கொண்டு நிற்பது. அந்த ஒன்பதுக்குள்தான் மே 4 தொடங்கும் கத்திரியும் வருகிறது. கீழே கொதிக்கும் கண்ணாடி, மேலே கொளுத்தும் வெயில், நடுவில் தோசைக்கல்லில் மறந்துவிட்ட தோசையின் விளிம்பு போல ஒரு ரப்பர் உதடு. இயற்கை ரப்பருக்கு வெப்பம் ஆகாது, புற ஊதாக் கதிர் ஆகாது, காற்றிலுள்ள ஓசோன் அறவே ஆகாது. முதலில் விறைக்கும், பிறகு குதிகால் போல வெடிக்கும். ரப்பரில் கரி கலப்பது கறுப்பு அழகென்று அல்ல, வலுவுக்காகவும் வெயிலைத் தாங்கவும்தான். ஆக, ஐப்பசி அடைமழையில் சுவிட்சைத் திருகும்போது கண்ணாடியில் ஆடுவது ரப்பரின் சடலம்.

எங்கள் குடியிருப்புக் காவலர் இதை மறுக்கிறார். "சார், மழையில நனைஞ்சாத்தான் ரப்பர் கெடும்" (காவலர், நேர்காணல், இரவுப் பணி, தூக்கத்துக்கு முன்). அவரே பின்னர், "வெயில்லயும் கெடும் சார்" (மேற்படியார், திருத்திய பதிப்பு, தூக்கத்துக்குப் பின், கேட்டைத் திறந்தபடி). இரு பதிப்புகளுக்கும் இடைப்பட்ட பாடவேறுபாட்டை விளக்க எவரும் முன்வரவில்லை.

வகைகள். இரும்புச் சட்டம் வைத்தது: மலிவு, மூட்டுகள் துருப்பிடித்தால் நடுவில் ஒரு பட்டை துடைபடாமல் நிற்கும். ஃபிரேம்லெஸ்: வளைந்த ஒற்றைப் பட்டை, கண்ணாடியோடு ஒட்டிப் போகும், விலை கூட. ஹைபிரிட்: இரண்டுக்கும் நடுவே. பின்கண்ணாடி வைப்பர்: இருக்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒலி. இங்கே நான் சற்று நிற்க வேண்டும். மேற்பார்வையாளர் இல்லாததால் நிற்கலாம்.

வைப்பர் எழுப்பும் ஒலிகளைக் கீச்சுக்கீச்சு, தடதட, சரக்குசரக்கு என மூன்றாகப் பகுக்கிறேன். மூன்றும் இரட்டித்தே வருவதை நோக்குக. இரட்டைக்கிளவி பிரிந்தால் பொருள் தராது என்பது இலக்கணம். வைப்பரும் அவ்வாறே: போகும்போது துடைத்து, வரும்போது துடைக்காத பிளேடுக்குப் பொருளில்லை. இது வெறும் உவமை அன்று. நல்ல ரப்பர் உதடு ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் மறுபக்கம் சாய வேண்டும். விறைத்துப்போனால் ஒரே பக்கம் சாய்ந்தபடி கிடக்கும். திரும்பி வருகையில் கண்ணாடியைத் துடைக்காமல் கண்ணாடிமேல் துள்ளும். தடதட பிறப்பது இப்படி. புது ரப்பர் போட்டும் தடதட நிற்காவிட்டால் பெரும்பாலும் குற்றம் பிளேடில் இல்லை, அதைத் தாங்கும் கை முறுக்கிக்கொண்டிருக்கும். அதை நேராக்குவது மெக்கானிக் வேலை. பல பேர் இது தெரியாமல் பிளேடு மாற்றி பிளேடு மாற்றி மாய்கிறார்கள்.

கீச்சுக்கீச்சு வேறு பிறப்பு. ரப்பர் கண்ணாடியைப் பற்றுகிறது, வழுக்குகிறது, மறுபடி பற்றுகிறது. வயலின் வில் தந்தியில் செய்வதும் இதுவே. வித்துவான் வில்லில் ரோசின் தேய்க்கிறார். வாட்டர் வாஷ் கடைத் தம்பி கண்ணாடியில் மெழுகு தேய்க்கிறான். கச்சேரி இரண்டிலும் நடக்கிறது, துக்கடா எதில் என்பதுதான் வித்தியாசம். கண்ணாடியைச் சோப்பு நீரில் கழுவி, ஈரத்துணியால் ரப்பர் உதட்டை ஒருமுறை வழித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். துணியில் மைபோல் கறுப்பு வரும். அது அழுக்கு, பயப்பட வேண்டாம்.

ஆனால் அது கீச்சா, கிரீச்சா? அறிஞர் உலகம் இங்கே இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. 'ர'கரம் உண்டு என்பவர்கள் ஒரு சாரார் (என் மனைவி, முன் இருக்கை, வாய்மொழி, கோயம்பேடு மேம்பாலம் ஏறும்போது முதற்பதிப்பு, இறங்கும்போது இரண்டாம் பதிப்பு, இரண்டாவதில் என் வம்சத்தின் கஞ்சத்தனம் பற்றி விரிவான பின்னிணைப்பு உண்டு). 'ர'கரம் இடைச்செருகல் என்பது என் கட்சி. நடுவர் ஒருவரை அணுகினேன். "ஓனர், முதல்ல புது பிளேடு போடுங்க" என்றார் அவர் (மெக்கானிக் அண்ணன், காரின் அடியிலிருந்து, முகம் காணப்படவில்லை, இரு கால்களே சான்று, மேற்கோளின் நடுவே "பதினாலாம் நம்பர் ஸ்பேனர் குடு" என வந்த தொடர் வேறொருவரை விளித்தது எனக் கருதி நீக்கப்பட்டது, நீக்கியது தவறு எனத் தலையில் விழுந்த எண்ணெய்த் துணி உணர்த்திற்று). பின்னொரு நாள் இதை அவரிடம் படித்துக் காட்டினேன். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்றார். மூலம் மறுத்தாலும் மேற்கோள் நிற்கும். பாதி ஆய்வுலகம் அந்தத் தெம்பில்தான் நடக்கிறது.

சரக்குசரக்கு பற்றி வேடிக்கை வேண்டாம். ரப்பர் கிழிந்து இரும்பு கண்ணாடியைத் தொடுகிறது. உடனே நிறுத்துங்கள். விழுந்த கீறல் போகாது, முன்கண்ணாடி விலையில் பிளேடு எத்தனையோ ஜோடி வாங்கலாம்.

வைத்தியக் குறிப்பும் ஒன்று உண்டு. காய்ந்த ரப்பருக்குத் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார் என் பெரியப்பா (தலைக்கும் அதுவே என்பது அவர் பொதுக்கோட்பாடு). தடவினேன். எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊறி உப்பும். கண்ணாடியோ எதிரே வரும் விளக்கையெல்லாம் கார்த்திகை தீபமாக்கிக் காட்டும். டீசல், மண்ணெண்ணெயும் கூடாது. தூசியைத் தட்டத் தண்ணீர் இல்லாமல் வைப்பரைப் போடுவதும் கூடாது. அந்த மணல் உதட்டையும் அறுக்கும், கண்ணாடியையும் அறுக்கும்.

கள ஆய்வுக்காக ஜி.பி. ரோட்டில் உதிரிபாகக் கடை ஒன்றுக்குப் போனேன். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை இன்ச்?" ஆறு மாத நூலாய்வில் இந்தக் கேள்வி எனக்கு எழவே இல்லை. "கொக்கியா, பின்னா?" என்றார் அடுத்து. கொக்கி என்று குத்துமதிப்பாகச் சொன்னேன். அது மட்டும் சரியாக அமைந்தது. அளவில் 22 என்று அடித்துவிட்டேன், இரண்டுக்கும். பல கார்களில் ஓட்டுநர் பக்கம் நீளம், மறுபக்கம் குட்டை என்பது வீட்டு வாசலில் பொருத்திச் சுவிட்சைப் போட்டபோது தெரிந்தது. இரண்டும் கண்ணாடி நடுவில் வாள்போல் மோதிக்கொண்டன. போகுமுன் பழையதை டேப் வைத்து அளந்திருக்கலாம். அளப்பது ஆய்வுமுறையில் இருக்கவில்லை.

முடிவுகள். கார் நாள் முழுக்க வெயிலில் நிற்கிறதா, சிலிகான் வாங்குங்கள். விலை கூடுதல், ஆனால் வெப்பத்தையும் ஓசோனையும் ரப்பரைவிட நன்றாகத் தாங்கும். நிழல் கிடைத்தால் சாதாரண ரப்பர் போதும், ஆண்டுக்கொருமுறை புரட்டாசிக் கடைசியில் மாற்றிவிடுங்கள். அட்டையில் தயாரித்த மாதம் அச்சிட்டிருக்கும். கடையிலேயே கிழடானதைத் தலையில் கட்டினால் திருப்பிக் கொடுங்கள். விரலால் உதட்டை மடக்கிப் பாருங்கள், மடங்கிய வேகத்தில் நிமிர வேண்டும்.

22 அங்குலப் பிளேடு ஒன்று, கொக்கி வகை, ஒரே ஒரு வீச்சு மட்டும் வீசியது, என்னிடம் இருக்கிறது. வேண்டியவர்கள் பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளலாம். வெயிலில் வைக்கவில்லை, பீரோவில்தான் இருக்கிறது.