சதுர அடிக்கு எவ்வளவு?

வீடு கட்டப் போகிறோம் என்று வாய் தவறிச் சொன்னால் போதும், மதுரையில் பால்காரர் முதல் சம்பந்தி வரை கேட்பது ஒன்றுதான்: "சதுர அடி என்ன ரேட்டு?"

மேஸ்திரி 1,900 என்றார். இன்ஜினியர் 2,450. மேஸ்திரி பக்கம் சாய்வதற்குள் வரைபடத்தை இருவரிடமும் கொடுத்து மொத்தம் எத்தனை அடி என்று கேட்டேன். இன்ஜினியருக்கு அது 1,000 சதுர அடி. மேஸ்திரிக்கு 1,180. போர்டிகோ, சன்ஷேட், பரண் என்று நிழல் விழும் இடமெல்லாம் அவர் கணக்கில் கட்டடம். பரப்பை அளப்பதற்கு ஐ.எஸ். 3861 என்று இந்தியத் தரநிலையே இருக்கிறது என்றேன். "அது டெல்லிக்காரன் டேப்பு சார்" என்றார்.

மூன்றாமவர் சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று பேக்கேஜ் வைத்திருந்தார். மூன்றிலும் சம்ப் இல்லை.

சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டுச் சுவர் மேஸ்திரியிடமும் தனி. தலைவாசல் தேக்கு என்றாரே தவிர, நிலை மட்டும்தான் தேக்கு. கதவு வேறு சாதி. பேஸ்மட்டம் எத்தனை அடி என்று யாருமே எழுதவில்லை. ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு அது ஒரு அடி உயர்ந்தால் ஏறக்குறைய 1,000 கன அடி நிரப்ப வேண்டும், அதாவது 10 யூனிட் கிராவல். லாரி வந்து நின்ற பிறகு பேசுகிற பேச்சா இது?

ஆகவே நானே ஒரு பட்டியல் எழுதினேன். அஸ்திவார ஆழம், பேஸ்மட்டம் 3 அடி, வெளிச்சுவர் 9 அங்குலம், கான்கிரீட் எம்20, டைல்ஸ் அடிக்கு 50 ரூபாய், ஸ்விட்ச் பாயின்ட் எத்தனை என்பது வரை. 'நல்ல கம்பெனி', 'தரமான பைப்' போன்ற கவிதைகளுக்கு இடமில்லை. ஒரே தாளை மூவரிடமும் கொடுத்து ரேட்டை மட்டும் நிரப்பச் சொன்னேன்.

பேக்கேஜ்காரர் அதன்பின் போனை எடுக்கவில்லை. மற்ற இருவரின் கூட்டுத்தொகையும் கிட்டத்தட்ட பக்கத்தில் வந்து நின்றது. மேஸ்திரி தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நிலை வைக்கிற அன்னிக்கு ஆளுக்கு வேட்டி துண்டு, கான்கிரீட் போடுற அன்னிக்கு பிரியாணி... லிஸ்ட்டுல காணோமே சார்?" என்றார்.

நியாயம்தான். அதையும் கடைசி வரியாகச் சேர்த்து இன்ஜினியருக்கு அனுப்பி ரேட் கேட்டேன். உடனே பதில் வந்தது: "மட்டனா, சிக்கனா?"