பெட்டர் வாத்தியார்

பென்ஷன் வாங்கும் ஆங்கில வாத்தியார் இல்லாத ஊர் தமிழ்நாட்டில் அபூர்வம். அந்த இனத்தில் ‘பெட்டர் வாத்தியார்’ தனிப் பிரிவு. எழுத்துப்பிழையை மன்னிப்பார், கமா விட்டுப்போனால் கண்டுகொள்ள மாட்டார். ‘மோர் பெட்டர்’ என்று மட்டும் அவர் காதுபட யாரும் சொல்லிவிடக் கூடாது. குடிக்கிற டீ புரையேறிவிடும்.

அரவேணுவில் இவரைப் பார்க்க வேண்டுமானால் கோத்தகிரி–மேட்டுப்பாளையம் சாலையோர டீக்கடைக்குப் பனி விலகும் நேரத்தில் போக வேண்டும். மப்ளர், ஸ்வெட்டர், கக்கத்தில் குடை. கை வர்க்கியை டீயில் நனைத்துக்கொண்டிருக்க, காது வேட்டைக்குப் போயிருக்கும்.

“சார், பச்சைத்தேயிலை விலை போன வாரத்தைவிட இந்த வாரம் வொர்ஸ்ட்!” என்பார் ஒரு சிறு விவசாயி. கிலோவுக்கு எவ்வளவு இறங்கியது என்று கேட்பதுதான் மனித இயல்பு. வாத்தியார் கேட்க மாட்டார்.

“ரெண்டு வாரத்தை ஒப்பிட்டா வொர்ஸ். மூணாவது இருந்தாத்தான் வொர்ஸ்ட். பேட், வொர்ஸ், வொர்ஸ்ட். எங்கே, சொல்லுங்க.”

“அடுத்த வாரமும் இறங்கும் சார். அப்ப சரியாயிடும்.”

வாத்தியாரின் வேதம் ரென் அண்ட் மார்ட்டின் ஆங்கில இலக்கணப் புத்தகம். அதன் ஆசிரியர்களில் ஒருவரான பி. சி. ரென், பம்பாய் மாகாணக் கல்வித் துறையில் வேலை பார்த்தவர். பிரெஞ்சு அந்நியப் படையை வைத்து 1924இல் ‘போ ஜெஸ்ட்’ என்ற சாகச நாவல் எழுதிப் புகழ்பெற்றவரும் அவரே. வாத்தியாருக்கு நாவலெல்லாம் பொருட்டில்லை. குட்–பெட்டர்–பெஸ்ட், லிட்டில்–லெஸ்–லீஸ்ட், மெனி–மோர்–மோஸ்ட் என்று இறங்கும் அட்டவணையில் இல்லாத சாகசமா?

தப்புச் செய்கிறவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. தமிழில் ஒப்பிடுவதற்கு ஒரு ‘விட’ போதும். நல்லது, அதைவிட நல்லது, எல்லாவற்றிலும் நல்லது என்று எத்தனை படி ஏறினாலும் ‘நல்லது’ மாறுவதில்லை. இப்படிப் பேசியே வளர்ந்தவர், ‘குட்’ இருந்த இடத்தில் முன்பின் தெரியாத ‘பெட்டர்’ உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் மிரளத்தானே செய்வார்? எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ‘மோர்’ சேர்த்துக்கொள்கிறார். உண்மையிலேயே குட்டும் பெட்டரும் ஒருவயிற்றுப் பிள்ளைகள் அல்ல. பெட்டரின் மூலச்சொல் எந்தக் காலத்திலோ வழக்கொழிந்துபோக, அநாதையான பெட்டரும் பெஸ்ட்டும் குட் வீட்டில் வந்து ஒண்டிக்கொண்டன. அன்றாடம் வாயில் புழங்கும் சொற்களில்தான் இந்தக் கோணல்கள் நிலைக்கின்றன. புழக்கம் குறைந்தவை மெல்ல விதிக்குள் வந்துவிடும். ‘எல்டர்’ அண்ணன் தம்பிகளுக்குள் ஒதுங்கிவிட, வெளியில் ‘ஓல்டர்’தான் நடமாடுகிறது.

இவரை மடக்கியவள் ஒரே ஒரு கல்லூரி மாணவி. “ஜூலியஸ் சீசர்ல ஆண்டனி டபுள் சூப்பர்லேட்டிவ் பேசறாரே சார்? ஹாம்லெட்ல ‘வொர்ஸர்’னே வருதே?”

“ஷேக்ஸ்பியர் பப்ளிக் எக்ஸாம் எழுதலம்மா.”

‘லெஸ்ஸர்’ பற்றி அவள் கேட்காமல் விட்டது வாத்தியாரின் அதிர்ஷ்டம். ‘லெஸ்’ என்பதே ஒப்புமை வடிவம். அதன் தலைமேல் இன்னொரு ‘அர்’ ஏறி உட்கார்ந்திருக்கிறது. அகராதிகளும் அதை வரவேற்று நாற்காலி போட்டுவிட்டன.

வாத்தியாரின் காது எதை விட்டுவிடும் என்பதுதான் வேடிக்கை. வேனில் வந்திறங்கிய சுற்றுலாப் பயணி ஒருவர், தொட்டபெட்டாதான் தென்னிந்தியாவிலேயே ‘ஹையஸ்ட்’ சிகரம் என்று ஆங்கிலத்தில் அடித்துவிட்டார். வாத்தியார் முகம் மலர்ந்தது. ‘மோஸ்ட் ஹையஸ்ட்’ என்று சொல்லவில்லையே! கேரளத்து ஆனைமுடி 2,695 மீட்டர், தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் அது பூகோள வாத்தியாரின் இலாகா.

அவரிடம் அகப்படக் கூடாதவர்கள் அருவி பார்க்க வருகிறவர்கள். கேத்தரின் அருவி இன்னும் எவ்வளவு ‘ஃபர்தர்’ என்று கேட்டால், தூரத்துக்கு ‘ஃபார்தர்’தான் வரும் என்று ஆரம்பித்துவிடுவார். தூரத்துக்கு இரண்டையும் சொல்லலாம் என்று இன்றைய அகராதிகள் விட்டுக்கொடுத்துவிட்டன; அவர் விடவில்லை. ஆகவே, அந்த 250 அடி அருவியை வெளிச்சம் இருக்கும்போதே பார்க்க நினைப்பவர்கள், அரவேணுவில் பிரியும் பாதையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் தமிழிலேயே கேட்டுக்கொள்ளவும்.