பெரிதாக்க மூன்று விரல்

லினக்ஸின் க்னோம் டெர்மினலில் எழுத்தைச் சிறிதாக்க கன்ட்ரோலும் மைனஸும் போதும். பெரிதாக்க கன்ட்ரோலும் பிளஸும். பிளஸ்ஸோ ஈக்குவல் குறியின் மேல்மாடியில் குடியிருப்பதால் ஷிஃப்டையும் சேர்த்து அழுத்துவதே மரபு. என்ன நியாயமான ஏற்பாடு! கண் நன்றாகத் தெரிபவருக்கு இரண்டு விரல் வேலை. தெரியாதவருக்கு விரல்களுக்காவது பயிற்சி.

இருந்தாலும் 1984இல் பிறந்த எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினலுக்கு ஈடாகுமா? அதில் ஷிஃப்டோடு எண்பலகையின் பிளஸ்ஸை அழுத்த வேண்டும். மடிக்கணினியில் எண்பலகை இல்லையா? தனியாக ஒன்று வாங்கலாம், வியாபாரம் பெருகும்.

அவசரக்காரர்களுக்கு வேறு வழியும் உண்டு. கன்ட்ரோலையும் மவுஸின் வலது பட்டனையும் சேர்த்துப் பிடித்தால் அளவுப் பட்டியல் விரியும். அதில் ஓர் அளவின் பெயரே 'படிக்க முடியாதது'. காப்பீட்டுப் பத்திரத்தின் அடிக்குறிப்புகூட இத்தனை நேர்மையாகத் தன்னை அறிமுகம் செய்துகொண்டதில்லை.

மறுகோடியில் 'பிரம்மாண்டம்' காத்திருக்கிறது. கண் மங்கியவர் அதைத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது. பட்டியல் மட்டும் பொடி எழுத்தில்தான் வரும். டெர்மினல் எழுத்து எவ்வளவு வளர்ந்தாலும் அது வளராது. அதற்குக் குறுக்குவிசையும் இல்லை, அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். கோப்பைத் திறக்க எக்ஸ்டெர்மே போதும்.