ஓட்டுப் போட்டோம், வேலை கொடுப்போமா?

விருத்தாசலம் வாசகர்கள் கேட்கிறார்கள்

கே: கூவாகம் நமக்குப் பக்கத்து ஊர். திருநங்கையரைத் தலைமுறை தலைமுறையாகப் பார்க்கிறோம். ‘பிக் பாஸ்’ வந்துதான் புதிதாகக் காட்ட வேண்டுமா?
– குடும்பத் தலைவி

ப: சித்திரைத் திருவிழாவில் நாம் பார்ப்பது பட்டுச் சேலையையும் பூவையும். மறுநாள் காலையில் அவர்கள் சாப்பிட்டார்களா என்று யாராவது கேட்டிருக்கிறோமா? 2022-இல் ‘பிக் பாஸ்’ ஆறாவது சீசனுக்கு ஷிவின் கணேசன் என்ற திருநங்கை வந்தார். நூறு நாளுக்கு மேல் சமைத்தார், சண்டை போட்டார், நியாயம் பேசினார். மக்கள் ஓட்டு அவரை மூன்றாம் இடத்துக்குக் கொண்டுவந்தது. திருவிழா வியக்க வைக்கும். பழக்கம்தான் பயத்தைப் போக்கும்.

கே: தமிழ் டிவியில் திருநங்கையர் வருவதைத் தொடங்கி வைத்தது யார்?
– கல்லூரி மாணவர்

ப: 2008-இல் விஜய் டிவியில் ‘இப்படிக்கு ரோஸ்’ நடத்திய ரோஸ் வெங்கடேசன். ஊரே கேள்வி கேட்கும் ஒருவர், அன்று கேள்வி கேட்கும் நாற்காலியில் உட்கார்ந்தார். அதே ஆண்டில்தான் தமிழக அரசு திருநங்கையர் நல வாரியம் அமைத்தது. 2021-இல் நமீதா மாரிமுத்து ‘பிக் பாஸ்’ வீட்டில் தான் பட்ட பாட்டைச் சொன்னார். சில நாட்களிலேயே அவர் வெளியேறினார். சொன்ன கதை நம் வீடுகளில் தங்கிவிட்டது.

கே: வெளிநாட்டிலும் இப்படித்தானா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர்

ப: 2004-இல் பிரிட்டன் ‘பிக் பிரதர்’ போட்டியில் நாடியா அல்மாடா திருநங்கை என்பது கூட இருந்தவர்களுக்குத் தெரியாது, பார்த்தவர்களுக்குத் தெரியும். தெரிந்தவர்கள்தான் ஓட்டுப் போட்டு ஜெயிக்க வைத்தார்கள்! பிரேசிலில் 2005-இல் வென்ற ஜீன் வில்லிஸ், ஆண்களை விரும்புபவர் என்பதை மறைக்காதவர். 2010-இல் நாடாளுமன்றத்துக்கே தேர்வானார்.

கே: பீங்கான் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு திருநங்கை வேலை கேட்டு வந்தார். ஷிவினுக்கு ஓட்டுப் போட்ட என் ஆட்களே முகம் சுளிக்கிறார்கள். என்ன செய்ய?
– பட்டறை உரிமையாளர்

ப: வேலை கொடுங்கள். திருநங்கை என்பதற்காக மறுப்பதை 2019-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. டிவி செய்தது மதிப்பை அச்சில் வார்க்கும் வேலை மட்டும்தான். சூளையில் வேகாத பொருள் ஒரு மழைக்குத் தாங்காது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு, ஒரே சம்பளம் வாங்கும்போதுதான் அந்த மதிப்பு வேகும். 2025-இல் மலையாள ‘பிக் பாஸ்’ போட்டிக்கு ஆதிலா, நூரா என்ற பெண் இணையர் வந்தார்கள். இவர்களையெல்லாம் வீட்டில் ஏற்ற முடியாது என்ற பேச்சு எழுந்தபோது, என் வீட்டில் ஏற்பேன் என்றார் நிகழ்ச்சியை நடத்திய மோகன்லால். அவர் மனசு பெரிது. ஆனால் எல்லோரும் அவர் வீட்டுக்கே போய்விட முடியுமா? விருத்தாசலத்தில் திறக்க வேண்டிய கதவு உங்களுடையது.